புஜ்ஜுக்கு வடக்கே அந்த வெற்றிடத்தில் என்ன இருக்கிறது?

குஜராத் வரைபடத்தில் கட்ச் மாவட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். புஜ் நகருக்கு வடக்கே, 'ரண்' என்ற வெள்ளை உப்புவெளி தொடங்குவதற்கு முன்னால், ஊர்ப்பெயர்களே அதிகம் இல்லாமல் ஒரு பெரிய இடம் 'பன்னி' என்று போட்டுக் கிடக்கிறது. அது பாலைவனமா, காடா? அங்கே ஆட்கள் எதை நம்பி இருக்கிறார்கள்? நம்ம ஊர்ச் சீமைக்கருவேலம் அங்கேயும் பரவிவிட்டதாமே, வெட்டி எறிந்தால் பழையபடி ஆகிவிடாதா? இப்படி மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆள் அதிகம் இல்லாத இடம் என்றால் யாருக்கும் பயன்படாத இடம்தானே என்ற சந்தேகம்தான் மூன்றுக்கும் அடியில் இருப்பதாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவம் படித்தவன். ஏழு ஆண்டுகள் கட்ச்சில் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி பன்னி எருமைகளோடும் அவற்றை வளர்ப்பவர்களோடும் கழிந்தது. புல், தண்ணீர், மாட்டு வயிறு பற்றி எழுதுவதெல்லாம் கண்ணால் பார்த்தது. வரலாறும் சட்டமும் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை. அவற்றில் பதிவில் இருப்பது எது, வாய்வழிச் செய்தி எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் பெயர். பஸ் என்பதில் வரும் 'ப' போட்டுச் சொல்ல வேண்டும். 'ஆக்கப்பட்டது', 'உண்டானது' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது என்று அங்கே சொல்வார்கள். ஆறுகள் வண்டல் கொண்டுவந்து கொட்டி உண்டாக்கிய நிலம் என்று விளக்கம். இந்தச் சொல்லாராய்ச்சி சரிதானா என்பது மொழி அறிஞர்கள் பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் நிலத்தைப் பொறுத்தவரை விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. புஜ்ஜிலிருந்து காவ்டா போகும் சாலையில் வடக்கே போனால் ருத்ரமாதா அணை வரும், அப்புறம் கடக ரேகை இங்கே கடக்கிறது என்று ஒரு பலகை வரும். அதைத் தாண்டி பிரண்டியாரா என்ற ஊரை நெருங்கும்போது குன்றுகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டிருக்கும். முன்னால் தட்டையான தரை, கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். வடக்கே வெகு தொலைவில் பச்சம் தீவின் காலா டூங்கர், சுமார் 460 மீட்டர் உயரம், நீலக் கோடாகத் தெரியும். நடுவில் இருப்பது பன்னி. பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அதில் ஐம்பதுக்குள்தான் ஊர்கள். 2011 கணக்கெடுப்பின்படி கட்ச் மாவட்டத்திலேயே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 46 பேர்தான், தமிழ்நாட்டில் 555. பன்னியை மட்டும் தனியாக எடுத்தால் பத்துப் பேர்கூடத் தேறாது.

ஏன் இவ்வளவு குறைவு என்றால், மழை. ஆண்டு சராசரி 300 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நம்ம ராமநாதபுரத்திலேயே 800க்கு மேல் பெய்கிறது. அந்தச் சராசரியையும் நம்ப முடியாது. ஓராண்டு இரண்டு மடங்கு கொட்டும், அடுத்த இரண்டாண்டு தூறலோடு போகும். பெய்வதும் ஜூலை, ஆகஸ்டில் சில நாட்களில் முடிந்துவிடும். மண்ணுக்குக் கீழே உப்பு. கோடையில் அந்த உப்பு மேலே ஏறி வெள்ளைப் பூச்சாகத் தெரியும். மழை வந்து கணுக்கால் அளவு தண்ணீர் சில நாள் நின்றால் உப்பு கரைந்து கீழே இறங்கும். அந்த இடைவெளியில்தான் புல் முளைக்கிறது. நான் முதல் தடவை போனது ஒரு மே மாதம். வெந்து வெடித்த தரையைப் பார்த்து, இதில் எருமை வளர்க்கிறார்களா என்று நானும் நம்பவில்லை. ஆகஸ்டில் மறுபடி போனபோது அதே இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல் நின்றது. தாழ்வான இடத்தில் ஒரு புல், மேட்டில் இன்னொன்று, உப்பு மிஞ்சிய திட்டுகளில் உமரி, ஆங்காங்கே உகாய் மரம் என்று ஒரு சாண் ஏற்ற இறக்கத்துக்கே செடி மாறும். அங்கே மேய்க்கிறவர்கள் அவ்வளவையும் தனித்தனிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எது எந்த மாதத்தில் பாலைக் கூட்டும், எது வயிற்றைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: பாலைவனமும் இல்லை, காடும் இல்லை. புல்வெளி. ஆண்டில் பாதி நாள் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத புல்வெளி.

குடிநீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மக்கள் அங்கே இருக்க முடிந்ததற்கே அதுதான் காரணம். நிலத்தடி நீர் முழுக்க உப்பு. ஆனால் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது. அதனால் தாழ்வான பள்ளங்களில் இறங்கும் மழைநீர் அடியிலுள்ள உப்புநீரோடு உடனே கலக்காமல் அதன் மேல் ஓர் அடுக்காக மிதக்கிறது. அந்த மேலடுக்கை மட்டும் எடுக்க 'விர்தா' என்ற சிறு கிணறு தோண்டுகிறார்கள். குளம்போல இருக்கும் பள்ளத்தின் நடுவில், இரண்டு ஆள் ஆழத்துக்கு உள்ளாகவே, மரக்கட்டைகளைச் சதுரமாக அடுக்கிச் சட்டம் கட்டி, சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் புல்லைத் திணித்து விடுவார்கள். புல் வடிகட்டியாகவும் இருக்கும், மண் சரியாமலும் பிடித்துக்கொள்ளும். பக்கத்திலேயே களிமண்ணில் ஒரு தொட்டி, மாடுகளுக்கு. ஒரு பெரியவர் எனக்கு முதலில் ஒரு விர்தாவிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், இனிப்பாக இருந்தது. பத்தடி தள்ளி இன்னொன்றிலிருந்து கொடுத்தார், லேசாகக் கரித்தது. "இது களைத்துப்போய்விட்டது, மூடிவிடுவோம்" என்றார். தொடர்ந்து இறைத்தால் அடியிலிருக்கும் உப்புநீர் மேலே வந்துவிடும். அப்போது மண் போட்டு மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். அடுத்த மழையில் பள்ளம் நிரம்பியபின் மூடியதை மறுபடி தோண்டலாம். இப்போது குழாய்த் தண்ணீர் பல ஊர்களுக்கு வந்துவிட்டது. குழாய் பொய்த்த கோடையில் விர்தாவைத் தேடிப் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

வரலாற்றுக்கு வருவோம். உறுதியாகச் சொல்லக்கூடிய பெரிய நிகழ்ச்சி 1819 ஜூன் 16 நிலநடுக்கம். பன்னிக்கு வடமேற்கே ரண்ணுக்குள் எண்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளத்தில், சில இடங்களில் ஆறு மீட்டர் உயரம்வரை தரை தூக்கிக்கொண்டு நின்றது. மனிதன் கட்டாத அணை என்பதால் மக்கள் அதை 'அல்லாவின் அணை' என்ற பொருளில் அல்லா பந்த் என்று கூப்பிட்டார்கள். அதற்குத் தெற்கே தரை தாழ்ந்து, சிந்த்ரிக் கோட்டை தண்ணீரில் மூழ்கியது. சிந்து நதியின் கிழக்குக் கிளை ஒன்று இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. நிலநடுக்கத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே சிந்துப் பகுதியை (இன்று பாகிஸ்தானில் இருக்கிறது) ஆண்டவர்கள் மேலே அணை போட்டு அதைக் குறைத்திருந்தார்கள். அல்லா பந்த் எழும்பியதும் மிச்சமும் அடைபட்டது. 1826இல் பெருவெள்ளம் வந்து மேட்டை உடைத்துக்கொண்டு ஒருமுறை பாய்ந்தது, அவ்வளவுதான். நெல் விளைந்த லக்பத் பகுதி வறண்டதும் அந்தத் துறைமுகம் தேய்ந்ததும் பதிவில் இருக்கிற செய்திகள். ஆனால் 'சிந்து நின்றதால்தான் பன்னி கெட்டது' என்று பலர் எழுதுவதை அப்படியே ஏற்க வேண்டாம். பன்னிக்கு நேராக வண்டலும் தண்ணீரும் கொண்டுவந்தவை தெற்கே கட்ச் குன்றுகளிலிருந்து வடக்கே ஓடும் சின்ன ஆறுகள். சிந்துவின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அந்தச் சின்ன ஆறுகளில் சுதந்திரத்துக்குப் பிறகு ருத்ரமாதா, நிரோணா போன்ற அணைகள் வந்தன. உப்பைக் கழுவி இறக்க வர வேண்டிய தண்ணீர் அதோடு குறைந்துபோனது. என் கணிப்பில் பன்னியைப் பாதித்ததில் இதற்குத்தான் பங்கு அதிகம்.

மக்கள் யார் என்று கேட்டால், மால்தாரிகள். மால் என்றால் கால்நடை, சொத்து என்றும் பொருள். தாரி என்றால் உடையவர். நம்மிடம் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் இருப்பது இந்த இடத்தில் நினைவுக்கு வரும். ஜத், முத்வா, ஹாலேபோத்ரா, ராய்சிபோத்ரா, நோடே, ஹிங்கோர்ஜா என்று பல குலங்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள்; கூடவே மேக்வால் சமூகத்தினர், தோல் வேலையும் எம்பிராய்டரியும் கைவந்தவர்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் சிந்துப் பகுதியிலிருந்து வந்ததாகக் குலமுறை சொல்வார்கள். ஆண்டுக்கணக்கு வாய்வழிதான். மொழி, உடை, உறவுமுறை எல்லாம் சிந்துப் பக்கம் கைகாட்டுவதால் திசையில் சந்தேகம் இல்லை. கட்ச்சை ஆண்ட ஜாடேஜா அரசர்கள் பன்னியை மேய்ச்சலுக்கென்றே வைத்திருந்தார்கள். உழவுக்கு இடம் கொடுக்கவில்லை, மேய்ச்சல் வரி வாங்கினார்கள். இன்றும் பன்னியில் குடும்பத்துக்கென்று பட்டா நிலம் கிடையாது. எல்லோரும் எல்லா இடத்திலும் மேய்க்கலாம். மழை எங்கே பெய்ததோ அங்கே போக வேண்டியிருக்கிற நிலத்தில் வேலி போட்டால் வேலிக்காரனுக்கும் பிழைப்பு இல்லை, அடுத்தவனுக்கும் இல்லை.

பஞ்சம் வந்தால் வடக்கே ரண்ணைக் கடந்து சிந்துவுக்குப் போவதும், அங்கே பஞ்சம் என்றால் அவர்கள் இங்கே வருவதும் பழைய வழக்கம். நெய்யும் காளையும் அந்தப் பக்கம் விலைபோயின. 1947இல் எல்லைக்கோடு வந்தது. 1965 சண்டையோடு அந்தப் பாதை அடியோடு மூடியது. இந்தச் சண்டையில் மேய்ச்சல் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ரண்ணில் எல்லை எது என்று முடிவுசெய்ய ஒரு பன்னாட்டு நடுவர் மன்றம் அமைந்து 1968 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. பாகிஸ்தான் கேட்டதில் பத்தில் ஒரு பங்குதான் அதற்குக் கிடைத்தது. அந்தப் பங்கில் தாரா பன்னி, சாட் பேட் என்ற இரண்டு மேய்ச்சல் திட்டுகள் இருந்தன. அங்கே யாருடைய மாடுகள் மேய்ந்தன, யார் காவல் பார்த்தார்கள், யார் வரி வாங்கினார்கள் என்பதெல்லாம் சாட்சியங்களாகப் பேசப்பட்டன. வெறும் புல்திட்டு என்று நாம் நினைப்பதை வைத்து இரண்டு நாடுகளின் எல்லை வளைந்திருக்கிறது.

இனி எருமை, என் துறை. பன்னி எருமையைத் தனி இனமாக அரசு 2010இல் பதிவு செய்தது. கருத்த, அகன்ற உடம்பு. கொம்பு இரண்டு சுற்றுச் சுருண்டு காதை ஒட்டி நிற்கும். நல்ல எருமை பன்னிரண்டு லிட்டருக்குக் குறையாமல் கறக்கும். மேற்கு, தெற்கு குஜராத்திலிருந்தெல்லாம் வந்து லட்சத்துக்கு மேல் விலை கொடுத்து வாங்கிப் போவார்கள். ஆனால் அதன் பெரிய குணம் ராத்திரி மேய்ச்சல். பகலில் ஐம்பது டிகிரியை நெருங்கும் வெயிலில் எருமை மேயாது, அதற்கு வியர்வைச் சுரப்பி குறைவு. சாயங்காலப் பால் கறந்ததும் மந்தை கிளம்பும். பெரும்பாலும் கூட ஆள் போவதில்லை. முன்னால் ஒரு மூத்த எருமை, கழுத்தில் மணி. இருட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மேய்ந்துவிட்டு விடியும் முன்னால் தானாக வீடு வந்து சேரும். நான் ஒரு நாள் அதிகாலையில் ஒரு வட்டக் குடிசை வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். முதலில் மணிச் சத்தம், அப்புறம் தூசி, அப்புறம்தான் எருமைகள். வீட்டுக்கார அம்மா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டது மட்டும் கூட்டத்திலிருந்து விலகி அவரிடம் வந்து நின்று கறக்க விட்டது. மற்றவை அசை போட்டபடி முறைக்குக் காத்திருந்தன. தமிழ்நாட்டில் கட்டுத்தறி எருமைகளையே பார்த்துப் பழகிய எனக்கு, கல்லூரியில் படித்த பால்மாட்டுப் பராமரிப்பை மறுபடி முதலிலிருந்து யோசிக்க வைத்த காலை அது.

(அந்த வட்டக் குடிசைக்குப் பூங்கா என்று பெயர். நம்ம பூங்கா இல்லை, 'பூ'வைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மண் சுவர், கூம்புக் கூரை. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் பக்கத்துக் கல் வீடுகள் விழுந்தபோது, ஒழுங்காகக் கட்டிய பூங்காக்கள் பல நின்றன. வட்டமாக இருப்பதால் அதிர்ச்சி ஒரு மூலையில் குவியாமல் சுவர் முழுக்கப் பிரிந்து போகிறது.)

இப்போது சீமைக்கருவேலம். இதற்கும் நமக்கும் உள்ள தொடர்பு பழையது. இந்த மரத்தின் விதை இந்தியாவுக்கு வந்தது 1870களில். ஜமைக்காவிலிருந்து வரவழைத்து 1877 வாக்கில் அன்றைய மதராஸ் மாகாணத்தின் கடப்பை மாவட்டத்தில் கமலாபுரம் என்ற இடத்தில் விதைத்தார்கள். காமராஜர் காலத்தில் ஹெலிகாப்டரில் தூவியதால்தான் வந்தது என்று நம்மிடம் சுற்றும் கதைக்கு முன்பே, எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அது இங்கே இருந்தது. பன்னிக்கு வந்தது 1961 வாக்கில். ரண்ணின் உப்பு தெற்கே ஏறி வருகிறது, பச்சைச் சுவர் எழுப்பித் தடுப்போம் என்று வனத்துறை 31,550 ஹெக்டேரில் நட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் புல்வெளியைப் 'மரம் இல்லாத குறை நிலம்' என்று பார்த்த பார்வையில்தான் தவறு தொடங்கியது. இன்று பன்னியில் பாதிக்கும் மேல் அந்த மரம்தான். அங்கே அதன் பெயர் 'காண்டோ பாவள்', பைத்தியக் கருவேலம்.

பரப்பியது காற்றும் தண்ணீரும் மட்டும் இல்லை, மாடும்தான். காய் இனிக்கும், கோடையில் வேறு பச்சை இல்லாதபோது மாடு விரும்பித் தின்னும். விதை வயிற்றில் செரிக்காமல் சாணத்தோடு விழுந்து, அந்தச் சாணத்தையே உரமாக்கி முளைக்கும். பன்னியில் முன்பு பேர்போனது காங்க்ரேஜ் பசு. அதன் காளைகளை வாங்க சௌராஷ்டிரத்திலிருந்து ஆள் வருவார்கள். அந்தக் காய்தான் காங்க்ரேஜுக்கு எமனானது. கொஞ்சம் தின்றால் நல்ல தீவனம். வாரக்கணக்கில் அதையே தின்றால் முதல் வயிற்றில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், மாடு இளைத்துச் சாகும். அப்படிச் செத்த ஒரு பசுவை அறுத்துப் பார்த்தேன். வயிற்றுக்குள் காயும் விதையும் அமுங்கி, கை போட்டுப் பிரிக்க முடியாதபடி கட்டியாக இருந்தது. எருமை இதைக் கொஞ்சம் தாங்குகிறது, பாலுக்கும் விலை இருக்கிறது. அதனால் ஒரு தலைமுறைக்குள் பன்னி பசுக்களிலிருந்து எருமைக்கு மாறியது. 2010ஐ ஒட்டிப் பால் குளிரூட்டும் நிலையங்கள் வந்தபின் அந்த மாற்றம் உறுதியாகிவிட்டது. அதற்கு முன் பாலை வற்றக் காய்ச்சி மாவா செய்துதான் விற்றார்கள். பிரண்டியாராவில் இன்றும் சாலையோரம் கிடைக்கும்.

வெட்டினால் சரியாகிவிடுமா? இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது: தரைக்கு மேலே வெட்டினால் ஆகாது. தூரிலிருந்து நாலு கிளையாகத் துளிர்த்து முன்பைவிட அடர்த்தியாகும். கரிச்சுடுபவர்களுக்கு அனுமதி கொடுத்த காலத்தில் இதுதான் நடந்தது. கரி சுட இருந்த தடையை 2004இல் நீக்கினார்கள், 2008இல் மறுபடி போட்டார்கள். நடுவில் கரி மூட்டை மூட்டையாகப் போனது, மரம் குறையவில்லை. வேர்க்கட்டையோடு ஜேசிபி வைத்துத் தோண்டி எடுத்த இடங்களில், அடுத்த நல்ல மழையிலேயே புல் வந்ததை நானே பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். உப்பு குறைந்த பள்ளங்களில் நட வேண்டிய தேவைகூட இல்லை, மண்ணுக்குள் விதை காத்திருந்தது. உப்பு ஏறிய மேடுகளில் அவ்வளவு சுலபமாக வரவில்லை. எடுத்த இடத்திலும் இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து முளைகளைப் பிடுங்கினால்தான் நிற்கும். கோடையில் காய் தின்ற மந்தையை அங்கே விட்டால் எல்லாம் வீண். இது என் அனுபவ அறிவு. 2,500 சதுர கிலோமீட்டருக்கும் ஒரே விதி என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொன்று, முழுக்க ஒழித்துவிட வேண்டும் என்று எல்லோரும் நினைப்பதில்லை. மாடு இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு அந்த மரம்தான் விறகு, கரி, தேன், கூலி. அவர்கள் பிழைப்புக்கு வழி பார்க்காமல் மரத்தை மட்டும் எடுத்தால் அடி அவர்கள்மேல்தான் விழும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. கட்ச் தனி மாநிலமாக இருந்த 1955இலேயே பன்னியைப் 'பாதுகாக்கப்பட்ட காடு' என்று அறிவித்துவிட்டார்கள். நிர்வாகமோ நெடுங்காலம் வருவாய்த் துறையிடமே இருந்தது. 2009இல் வனத்துறை ஒரு திட்டம் போட்டு, பகுதி பகுதியாக வேலியடைத்து மரத்தையும் புல்லையும் நிர்வகிக்கப் போவதாகச் சொன்னபோது மால்தாரிகள் எதிர்த்தார்கள். 'பன்னியைப் பன்னியாகவே விடுங்கள்' என்பது அப்போது எழுந்த முழக்கம். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி ஊர்கள் கூட்டாக மேய்ச்சல் உரிமை கோரின. தனித்தனியாக யாருக்கும் நிலம் வேண்டாம், மொத்தப் பன்னியும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அவர்கள் கேட்டதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அதற்குள் சிலர், உள்ளூர்க்காரர்கள் உட்பட, நிலத்தை வளைத்து ஆமணக்கும் கொத்தவரையும் போடத் தொடங்கினார்கள். எருமை வளர்ப்போர் சங்கம் 2018இல் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2021இல் உத்தரவு வந்தது.

கடைசியில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். எல்லோரும் டிசம்பரில் தோர்டோ போய் வெள்ளை ரண்ணையும் கூடாரங்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பன்னி அவர்கள் கார் ஜன்னலில் அரை மணி நேரம் ஓடி மறைந்துவிடும். நல்ல மழை பெய்த ஆண்டாகப் பார்த்து செப்டம்பர் கடைசியில் போங்கள். ஹோட்கா பக்கம் ஏதாவது ஓர் ஊரில் இரவு தங்க முடியுமா என்று கேளுங்கள். சாயங்காலப் பால் முடிந்ததும் மந்தை கிளம்பும். அதன் பின்னால் கொஞ்ச தூரம் நடக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், முன்னால் போகும் மணிக்கார எருமைக்கு மட்டும் குறுக்கே போகாதீர்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்தால் மணிச் சத்தம் கேட்கும்.